பழைய வீட்டைப் புதுப்பித்து வாடகைக்கு விடப் போகிறீர்களா? இடிக்கும் முன் யோசியுங்கள்

கேள்வி: வேலூர் லாங் பஜாருக்குப் பின்னால் எங்கள் தாத்தா சொந்தப் பணத்தில் வாங்கிய பழைய வீடு இருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் கூரை (மரக்கட்டைகள் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிப் போட்டது), தேக்குத் தூண்கள், நடுவில் முற்றம். தாத்தா 1998-இல் உயில் எழுதாமல் காலமானார். பாட்டியும் இப்போது இல்லை. அப்பாவும் இரண்டு அத்தைகளும்தான் வாரிசுகள். பழைய அழகு கெடாமல் வீட்டைச் சரிசெய்து, நான்கு குடியிருப்பாகப் பிரித்து, கல்லூரி ஆசிரியர்களுக்கும் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருபவர்களுக்கும் வாடகைக்கு விட நினைக்கிறேன். பின்கட்டு பாதி சரிந்து கிடக்கிறது. அதை இடித்துவிட்டு கான்கிரீட்டில் இரண்டு மாடி போடலாம் என்கிறார் கான்ட்ராக்டர். முன் அறையில் 25 வருடமாக ஒரு தையல்கடைக்காரர் இருக்கிறார், அவருக்கு ஒப்பந்தம் எதுவும் கிடையாது. அத்தைகள் பங்கு கேட்க மாட்டார்கள் என்கிறார் அப்பா. நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்? – ஒரு வாசகர், வேலூர்

பதில்: முதலில் கான்ட்ராக்டரை நிறுத்தி வையுங்கள். பின்கட்டில் ஒரு செங்கல்லைக்கூட எடுக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

லாங் பஜார் வேலூர்க் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கோட்டை மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். 1958-ஆம் ஆண்டின் நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டமும் அதில் 2010-இல் வந்த திருத்தமும் சேர்ந்து, அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கு அடுத்த 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் வகுத்திருக்கின்றன. அளவு தொடங்குவது கோட்டைச் சுவரிலிருந்து என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல, பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து. லாங் பஜாரை ஒட்டிய தெருக்களில் சில வீடுகள் ஒரு வளையத்திலும் சில அடுத்த வளையத்திலும் விழலாம். பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டினார் என்பது உங்களுக்கு ஆதாரம் ஆகாது.

உங்கள் வீடு முதல் 100 மீட்டருக்குள் வந்தால் புதுக் கட்டுமானம் கிடையாது. இடித்துவிட்டு அதே அளவில், அதே உயரத்தில் திரும்பக் கட்டுவதும் கிடையாது. ஆனால் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடத்தைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. அந்த இடத்தில் உங்களுக்கு இருக்கும் உரிமை, இன்று நின்றுகொண்டிருக்கும் சுவருக்கும் கூரைக்கும் உள்ள உரிமைதான். பின்கட்டை இடித்த மறுநாள் அது காலி மனை. அதில் எதையும் எழுப்ப முடியாது. மீறிக் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம். பழைய வீட்டின் மேல் ஆசையாக இருப்பவர்கள் தெரியாமல் இப்படி இடித்துவிட்டு வந்து நிற்பதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. நீங்கள் இடிக்கும் முன் கேட்டிருக்கிறீர்கள், நல்லது.

எனவே இந்த வாரமே செய்ய வேண்டியது: ஒரு பொறியாளரை வைத்து வீட்டை அப்படியே அளந்து வரைபடம் எடுங்கள். ஒவ்வொரு அறை, சரிந்த பின்கட்டின் ஒவ்வொரு சுவர், உத்திரம், கூரை எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். 1992-க்கு முந்தைய சொத்துவரி ரசீது, மின் இணைப்பு ஆவணம், வீட்டை விவரிக்கும் தாய்ப்பத்திரம், நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் இவற்றைத் தேடி எடுங்கள். பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கும் வரி ரசீதுதான் உங்கள் விண்ணப்பத்தின் முதுகெலும்பு.

விண்ணப்பம் இந்தச் சட்டப்படி அனுமதி கொடுக்கும் தகுதி அதிகாரியிடம் போகும். அவர் அதை 15 நாளுக்குள் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். சட்டத்தில் உள்ள கெடு இது. விண்ணப்பத்தில் வேலையை எப்படி விவரிக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். செல்லரித்த தேக்குக் கட்டையை மாற்றி அதே மெட்ராஸ் டெரஸைச் சுண்ணாம்பில் திரும்பப் போடுவது பழுதுபார்ப்பு. அதை எடுத்துவிட்டு கான்கிரீட் கூரை போடுவதை மறுகட்டுமானம் என்று அதிகாரி சொல்ல இடம் இருக்கிறது. பழைய முறையிலேயே சரிசெய்வது உங்கள் ஆசைக்கும் ஒத்துவரும், சட்டத்துக்கும் ஒத்துவரும். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூச்சு பூசினால் உள்ளே ஈரம் அடைபட்டு சுவர் கெடும் என்பதையும் கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள்.

வீடு அடுத்த 200 மீட்டர் வளையத்தில் இருந்தால் அனுமதி பெற்றுக் கட்டலாம், இரண்டு மாடிக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அங்கேயும் பழுதுபார்க்கக்கூட முன் அனுமதி தேவை.

சரி, அத்தைகள் விஷயம். தாத்தா தானே வாங்கிய சொத்து, உயில் இல்லை, பாட்டியும் இல்லை என்பதால் மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று சம பங்கு. கல்யாணத்துக்கு நகை போட்டதால் பங்கு குறையாது. ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வராமல் குடும்பம் வசிக்கும் வீட்டில் பெண் வாரிசு பாகப்பிரிவினை கேட்க முடியாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் முன்பு ஒரு பிரிவு இருந்தது. உங்கள் அப்பா அதை மனதில் வைத்துச் சொல்கிறாரோ என்னவோ. அந்தப் பிரிவு 2005 செப்டம்பர் 9 முதல் நீக்கப்பட்டுவிட்டது. நீங்கள் லட்சக்கணக்கில் கொட்டிப் புதுப்பித்த பிறகு அத்தையோ அவர் பிள்ளைகளோ பாகம் கேட்டு வந்தால், செலவு செய்தேன் என்று சொல்லி அவர்கள் பங்கை நீங்கள் மறுக்க முடியாது.

கேட்க மாட்டார்கள் என்று நம்பியிருக்காமல் நேரில் போய்ப் பேசுங்கள். அவர்களும் அந்த முற்றத்தில் வளர்ந்தவர்கள்தானே. அவர்கள் மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்தால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். உடன்பிறந்தவர்களுக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு, ஆகவே பத்திரம் அப்பா பெயருக்கு வரட்டும். நேராக உங்கள் பெயருக்கு எழுதினால் செலவு ஏறலாம். என்னைக் கேட்டால், அத்தைகளைப் பங்குதாரர்களாகவே வைத்துக்கொண்டு, உங்கள் செலவு வாடகையிலிருந்து முதலில் கழிந்த பிறகு மீதியை மூன்றாகப் பிரிப்பது என்று எழுதிக்கொள்வதுதான் நியாயமான வழி. வாடகை ஒப்பந்தங்களில் மூவரும் கையெழுத்திட வேண்டும், அல்லது ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதிக் கொடுக்க வேண்டும்.

தையல்கடைக்காரரை வெளியேற்ற கூரை ஓட்டைப் பிரிப்பது, மின்சாரத்தை வெட்டுவது போன்ற யோசனைகளை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அது சட்டவிரோதம், வழக்கு உங்கள் மேல் திரும்பும். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடைகளுக்கும் அது பொருந்தும். இடத்தைக் காலி செய்யாமல் செய்ய முடியாத பழுதுவேலை என்றால் அவரைக் காலி செய்யச் சொல்லக் கேட்டு வாடகை நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். எழுத்து ஒப்பந்தம் போட இரு தரப்பும் தவறியதும் அப்படிக் கேட்கத் தனியே ஒரு காரணம். ஆனால் 25 வருடம் ஒரே இடத்தில் ஊசி பிடித்தவருக்கு அந்த அறைதான் பிழைப்பு. வேலை முடிந்ததும் திரும்பி வரலாம், வாடகை இவ்வளவு என்று எழுதி, அதைப் புதிய சட்டப்படி உள்ள வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். எழுதாவிட்டால் திரும்பி வரும் உரிமை அவருக்கு இல்லை. அதனால்தான் வெறும் வாய்வார்த்தைக்கு அவர் காலி செய்ய மாட்டார்.

நான்கு குடியிருப்பு என்ற திட்டத்தை இரண்டாகக் குறைக்க முடியுமா பாருங்கள். குடியிருப்பு எண்ணிக்கை கூடக்கூட 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி மாநகராட்சி கேட்பதும் கூடும். வாகனம் நிறுத்த இடம் காட்டச் சொன்னால், தெருவை ஒட்டிய திண்ணை வீட்டில் எங்கே காட்டுவது? முற்றத்தை மூடினால்தான் நான்காவது குடியிருப்பு கிடைக்கும் என்றால், அந்த வீட்டுக்கு வாடகை கொடுக்க யார் வருவார்கள்?

ஆசிரியர்களுக்கு விடும்போது 11 மாத ஒப்பந்தமாக இருந்தாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் துளை போடக்கூடாது, ஏசி எந்த இடத்தில் மட்டும் பொருத்தலாம் என்பதை எழுதிவிடுங்கள். ஊஞ்சல், கதவு, பித்தளைப் பூண் எல்லாவற்றுக்கும் படத்தோடு பட்டியல் இணையுங்கள்.

சி.எம்.சி.க்கு வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவது வேறு தொழில். அது தங்கும் விடுதிக் கணக்கில் சேரும். மின் கட்டணமும் சொத்துவரியும் வணிக வகைக்கு மாறலாம். வங்கதேசத்திலிருந்து வரும் நோயாளிக் குடும்பத்தைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு ஆன்லைனில் தெரிவிப்பது உங்கள் கடமை. முதல் ஒரு வருடம் மாத வாடகை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாள் வாடகைக்கு மாற்றுவதாக இருந்தால் அத்தைகளோடு எழுதும் ஒப்பந்தத்தில் அதற்கும் இப்போதே ஒரு வாசகம் சேர்த்துவிடுங்கள்.