பத்துச் சொல் போதும்

அன்புள்ள ஐயா,

ஐந்து வருடங்களில் ஆறு சிறுகதைகள் எழுதினேன். ஒன்றரை வருடமாக எதுவும் வரவில்லை. குறிப்பேட்டில் இருநூறு கருக்களுக்கு மேல் இருக்கின்றன (சில பக்கங்களைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்). எழுத உட்கார்ந்தால் ஒன்றும் நகர்வதில்லை. பயணம் போக வேண்டுமா? செயற்கை நுண்ணறிவிடம் கரு கேட்கலாமா? இரவில் எழுதலாம் என்றால், எதிர்வீட்டுக்காரர் தினமும் பதினோரு மணிக்குக் காரைக் கிளப்பி, நாலடி முன்னே நகர்த்தி, திரும்ப அதே இடத்தில் நிறுத்துகிறார். அந்தச் சத்தத்தில் இருக்கிற கவனமும் போய்விடுகிறது. உங்களுக்குக் கதைகள் எங்கிருந்து கிடைக்கின்றன?

கே.

அன்புள்ள கே.,

பயணம் போங்கள், உடம்புக்கு நல்லது. இயந்திரத்திடமும் கேளுங்கள். இருநூறு, இருநூற்றுப் பத்தாகும், அவ்வளவுதான்.

உங்கள் குறிப்பேட்டுப் பக்கங்களைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. ஒவ்வொரு குறிப்பிலும் ஆளின் வயது, தொழில், என்ன நடந்தது, ஏன் நடந்தது, கடைசியில் என்ன ஆனது, எல்லாம் இருக்கிறது. இதற்குப் பெயர் கரு இல்லை, பிரேதப் பரிசோதனை அறிக்கை. எல்லாம் தெரிந்துவிட்ட பிறகு எதைத் தேடி எழுதுவீர்கள்?

நானும் இதைச் செய்து கெட்டவன்தான். ஒரு ரயில் பயணத்தில் எதிரே ஒரு மூதாட்டி, மடியில் ஓடாத சுவர்க்கடிகாரம். அவ்வப்போது அதில் காதை வைத்துப் பார்த்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன். அவரும் நான்கு மணி நேரம் சொன்னார்: கணவர், மகன், விற்ற வீடு, யாரிடம் யார் பேசுவதில்லை என்பது வரை. இறங்கும்போது பெரிய புதையலோடு இறங்குவதாக நினைப்பு எனக்கு. ஏழு முறை எழுதினேன். ஏழும் வாக்குமூலம் மாதிரி இருந்தன. கிழித்துப் போட்டேன்.

பல வருடங்கள் கழித்து அவர் சொன்னதெல்லாம் மறந்துபோனது. காதை வைத்த அந்தச் சாய்வு மட்டும் மிஞ்சியது. அதிலிருந்துதான் காது கேளாத சிறுவன் பள்ளி மணியின் மேல் கன்னத்தை வைக்கும் கதை வந்தது. அதில் கடிகாரமே கிடையாது.

அமெரிக்க நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் இதில் என்னைவிடக் கெட்டிக்காரர். 1893 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் குறிப்பில் அவர் பதிந்து வைத்த சங்கதி இது. விருந்தில் பக்கத்தில் இருந்த பெண்மணி, ஒரு வீட்டுச் சாமான்களுக்காகத் தாயும் மகனும் சண்டை போடுவதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். பத்தே சொல்தான், அதிலேயே கதையின் சாத்தியங்கள் எல்லாம் தெரிந்துவிட்டன என்று பின்னால் முன்னுரையில் எழுதுகிறார். அந்த அம்மாள் மேற்கொண்டு விவரம் சொல்லச் சொல்ல இவருக்கு எரிச்சல். வாழ்க்கை தன் வேலையைக் குளறுபடி செய்கிறதே என்று! 1897இல் அது ‘தி ஸ்பாயில்ஸ் ஆஃப் பாயின்டன்’ என்ற நாவலாக வந்தது.

‘டால்ஸ்டாய் நேரில் போய்ப் பார்த்தாரே’ என்பீர்கள். ஆமாம், 1872 ஜனவரியில் பக்கத்துப் பண்ணையாரோடு வாழ்ந்த பெண் ரயில் முன் விழுந்து இறந்தபோது போய் உடலைப் பார்த்தார். அவள் பெயர் அன்னா. ஆனால் அடுத்த வருடம் எழுதத் தொடங்கிய ‘அன்னா கரீனினா’ நாவலின் அன்னா உயர் அதிகாரி ஒருவரின் மனைவி. பெயரையும் சாவையும் எடுத்துக்கொண்டு அந்த வாழ்க்கையை அங்கேயே விட்டுவிட்டார். விடத் தெரிய வேண்டும், கே. உங்களுக்கு அள்ளத்தான் தெரிகிறது.

சரி, நீங்கள் கேட்டது வேறு. எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்தக் கார் வரியில் நின்றேன். இருநூறு குறிப்புகளில் அது இல்லை. அதைத் தொந்தரவுக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். நேற்று இரவு பதினோரு மணிக்கு நான் அந்த நாலடியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், நாளைக் காலையில் அவரிடம் போய், ஏன் சார் இப்படிச் செய்கிறீர்கள் என்று விசாரித்துவிடாதீர்கள்.