இலவசமாக உண்ட உணவகத்தைப் பற்றி எழுதலாமா?
வணக்கம். உரிமையாளர் உங்களை அடையாளம் கண்டு, எவ்வளவு வற்புறுத்தியும் பணம் வாங்க மறுத்துவிட்ட உணவகத்தைப் பற்றி மதிப்புரை எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வருகையை மட்டும் வைத்து எழுத வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உணவகங்களை மதிப்பிட்டு நட்சத்திரம் வழங்கும் மிஷலின் வழிகாட்டியின் ஆய்வாளர்கள்கூடத் தம்மை யாரென்று காட்டிக்கொள்ளாமல் சென்று, உண்டதற்கான தொகையை முழுமையாகச் செலுத்துகிறார்கள். தெரிந்தவருக்கு வரும் தட்டும் தெரியாதவருக்கு வரும் தட்டும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. நண்பர் பெயரில் முன்பதிவு செய்து, கூட்டம் மிகுந்த ஓர் இரவில் மீண்டும் செல்லுங்கள். அப்போது பக்கத்து மேசையில் தண்ணீர்க் குவளை காலியாகவே எவ்வளவு நேரம் இருக்கிறது, தவறாக வந்த உணவைத் திருப்பி அனுப்பினால் பரிமாறுபவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பவற்றைக் கவனியுங்கள்; உங்களுக்குச் செய்யும் உபசரிப்பால் அவற்றை மறைக்க முடியாது. முதல் விருந்து இலவசம் என்பதை மதிப்புரையின் தொடக்கத்திலேயே தெளிவாகக் குறிப்பிட்டுவிடுங்கள்.