விடிய விடிய படிக்கிறா, ஆனா ஜீ.பீ.ஏ. ஏறுதில்ல

தம்பலகாமத்திலயிருந்து கேட்டிருந்த அம்மாவுக்கு,

ஏ.எல். பரீட்சையில நல்லாச் செய்த பிள்ளை, திருகோணமலை கோணேசபுரி கம்பஸில மெனேஜ்மென்ட் படிக்கப் போய் முதல் செமெஸ்டரிலயே ஜீ.பீ.ஏ., அதாவது சராசரிப் புள்ளி, 2.1தான் வந்திருக்கு, ராவு ரெண்டு மணி மட்டும் லைட் எரியுது, பிறகு என்னதான் பிழை எண்டு கேக்கிறீங்க. பிள்ளைட மூளையில பிழை இல்ல அம்மா. நாவூறும் இல்ல, அதுக்கெண்டு கட்டின நூல் கட்டினபடி இருக்கட்டும்.

ஏ.எல். காலத்த ஒருக்கா யோசிச்சுப் பாருங்க. எப்ப எந்தப் பாடம், எந்தக் கிழமை பேப்பர் கிளாஸ், ஆருக்கு எத்தின மார்க்ஸ் எல்லாம் டியூசன் மாஸ்டர்ட கையில இருந்தது, பிள்ளை போய் இருந்தாக் காணும், ஒவ்வொரு கிழமையும் அவர் பேப்பர் தந்து குடைஞ்செடுத்து, தெரியாதது எது எண்டு காட்டிக் குடுத்திடுவார். கம்பஸில அந்த ஆள் இல்ல. லெக்சரர் ஸ்லைட்ட போட்டிட்டுப் போவார், நடுவில ஒரு மிட் எக்சாம், ஒரு அசைன்மென்ட், பிறகு நேரா எக்சாம். அந்த மாஸ்டர்ட வேலையையும் இனி மகள்தான் செய்யவேணும், அதைத்தான் அவக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்ல.

அவ ரெண்டு மணி வரைக்கும் என்ன செய்யிறா எண்டு கேட்டுப் பாருங்க. அனேகமா ஸ்லைட்ட திரும்பத் திரும்ப வாசிச்சு மஞ்சள் ஹைலைட்டர் அடிச்சுக் கொண்டிருப்பா. வாசிக்கேக்க எல்லாம் விளங்கின மாதிரித்தான் இருக்கும், அதுதான் ஏமாத்து. 2006ல ரோடிகர், கார்பிக் எண்டு அமெரிக்காவில ரெண்டு ஆராய்ச்சியாளர் இதைச் சோதிச்சவை: ஒரு குழு பாடத்த திரும்ப வாசிச்சது, மற்றது பாக்காமல் ஞாபகத்தில இருந்து எழுதிப் பாத்தது. அஞ்சு நிமிசத்தில சோதிச்சா வாசிச்ச ஆக்கள்தான் மேல, அவைக்கு 81 வீதம் ஞாபகம், எழுதிப் பாத்தவைக்கு 75. ஒரு கிழமை கழிச்சுப் பாத்தா வாசிச்சவைக்கு 42, எழுதிப் பாத்தவைக்கு 56, அவை முந்தீட்டினம். எக்சாம் ஒரு கிழமை கழிச்சுத்தானே வரும், இல்லாட்டி மூண்டு மாசம் கழிச்சு.

அதால வீட்டில செய்யவேண்டியது இதுதான். எக்கவுண்டிங் லெக்சர் முடிஞ்ச அண்டைக்கே, ஸ்லைட்ட மூடிப்போட்டு ஒரு வெள்ளைத் தாள எடுக்கச் சொல்லுங்க. பெறுமானத் தேய்வு, அதாவது பாவிக்கப் பாவிக்கப் பொருள்ட பெறுமதி குறையிற கணக்கு, படிச்சாவெண்டு வையுங்க, அஞ்சு லட்ச ரூபா மெசின், வருசம் 20 வீதம், மிச்சப் பெறுமதி ஒண்டுமில்ல. நேர்கோட்டு முறையில வருசாவருசம் ஒரு லட்சம், குறைந்து செல்லும் மீதி முறையில முதல் வருசம் ஒரு லட்சம், ரெண்டாவது 80,000, மூண்டாவது 64,000. இதைப் பாக்காமல் போட்டுக் காட்டி, ஏன் குறையுது எண்டு ரெண்டு வசனம் எழுத ஏலுமெண்டா பாடம் கையில. ஏலாட்டி முட்டின இடம் எது எண்டு தெரிஞ்சிடும், அந்த இடத்த மட்டும் படிச்சாக் காணும். தமிழ்ல படிச்சுப்போட்டு இப்ப இங்கிலீஷ்ல எழுதுற பிள்ளை எண்டதால முதல் தமிழ்ல வாயால சொல்லி, பிறகு இங்கிலீஷ்ல எழுதட்டும், வெக்கப்பட ஒண்டுமில்ல. மூண்டு நாள் கழிச்சு ஒருக்கா, ரெண்டு கிழமை கழிச்சு ஒருக்கா திரும்ப அதே தாள் வேலை.

இனி நேரம். கிரெடிட் எண்டா ஒரு பாடத்தில எவ்வளவு படிப்பு இருக்கு எண்டு அளக்கிற அலகு; இலங்கையில ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலப் படிப்பு எண்டு கணக்கு, அதுக்குள்ள லெக்சர் வழக்கமா 15 மணித்தியாலம்தான். செமெஸ்டருக்கு 15 கிரெடிட் எண்டா 750 மணித்தியாலம், லெக்சர் போக 500க்கு மேல மிச்சம். ஸ்டடி லீவையும் சேத்து ஒரு இருபது கிழமைக்குப் பிரிச்சா கிழமைக்கு 25, 26 வரும். கிழமை நாள்ல மூண்டு, சனி ஞாயிறு அஞ்சு. இது முதல் கிழமையிலயிருந்து நடந்தா ராவு ரெண்டு மணிக்கு வேலையே இல்ல. ஸ்டடி லீவில தொடங்கலாம் எண்டு விட்டாத்தான் நித்திரை கெடும், நித்திரை கெட்டாப் படிச்சதும் மண்டையில நிக்காது.

உங்கட இடத்திலயிருந்து ரவுணுக்கு ஒரு பஸ், அங்கயிருந்து நிலாவெளி ரோட்டால இன்னொண்டு, வீட்ட வரேக்கயே பிள்ளை துவண்டு போயிருப்பா. வந்த உடன படி படி எண்டு நிக்காதீங்க. சூடான கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல பின்னேரம் மூண்டு மணிக்கு ஓட்டுக்குக் கீழ ஆருக்கும் ஒண்டும் ஏறாது, தேத்தண்ணி குடிச்சு, குளிச்சு, ஏழு மணிக்கு இருந்தாக் காணும், இல்லாட்டி விடியக்காலமை வெள்ளன. கஷ்டமான பாடம் முதல், அசைன்மென்ட் டைப் பண்றது கடைசியில. போன் உங்கட அறையில இருக்கட்டும், ஆனா பறிச்சு வாங்காதீங்க, அவவே கொண்டு வந்து தரவேணும்.

குப்பி, அதாவது பிள்ளைகள் தங்களுக்குள்ள கூடிப் படிப்பிக்கிற வகுப்பு, நடந்தாப் போகச் சொல்லுங்க, சும்மா கேட்டுக் கொண்டிருக்காமல் ஒரு பகுதிய மற்றவைக்கு அவவே படிப்பிக்கட்டும். பாஸ்ட் பேப்பர கடைசிக் கிழமைக்கெண்டு வச்சிருக்கிறது எங்கட பிள்ளைகள்ட பெரிய வியாதி, நாலாவது கிழமையிலயே எடுத்துப் பாக்கட்டும்.

2.1 எண்டு அழவேண்டாம். பொதுவா பட்டத்தில செக்கண்ட் லோவர் கிளாஸ் எடுக்க ஜீ.பீ.ஏ. 3.00, செக்கண்ட் அப்பருக்கு 3.30 வேணும், இன்னும் கன செமெஸ்டர் கிடக்கு. ஆனா C கிரேட்டுக்குக் கீழ வந்த பாடத்த ரிப்பீட் பண்ணினாலும் வழக்கமா C கிரேட்டுக்கு மேல குடுக்க மாட்டினம், அதால இனி வாற ஒவ்வொரு பாடத்தையும் முதல் தரமே ஒழுங்காச் செய்யவேணும். வருகை 80 வீதத்துக்குக் குறைஞ்சா எக்சாம் எழுதவே விடமாட்டினம், அவட பீடத்துக் கையேட்டில ரெண்டையும் ஒருக்கா உறுதிப்படுத்தச் சொல்லுங்க.

சாப்பாடு இறங்குதில்ல, ஒருத்தரோடயும் கதைக்கிறா இல்ல எண்டா இது டைம்டேபிள் விசயமில்ல, கம்பஸ் ஸ்டூடன்ட் கவுன்சிலர்ட்ட கூட்டிக் கொண்டு போங்க, கெதியா. அப்பிடி இல்லாட்டி வாற மாசம் மகளோட வாங்க, ரிசல்ட் ஷீட்டும் அவ பாக்காமல் எழுதின தாள்களும் கொண்டு வரட்டும், எந்தப் பாடத்தில எங்க முட்டுறா எண்டு இருந்து பாப்பம்.