ஆங்கிலத்தில் எங்கெல்லாம் பெரிய எழுத்து போட வேண்டும்?

வாக்கியத்தின் முதல் எழுத்து, 'நான்' என்று பொருள்படும் 'ஐ', ஆள் பெயர், ஊர் பெயர். இவற்றில் யாருக்கும் பெரிய குழப்பம் வருவதில்லை. 'ஐ' வாக்கியத்தின் நடுவில் வந்தாலும் பெரிய எழுத்துதான்.

கிழமைகளுக்கும் மாதங்களுக்கும் பெரிய எழுத்து உண்டு. ஆனால் சம்மர், வின்டர் போன்ற பருவங்களுக்குக் கிடையாது. மொழி, நாட்டினர் பெயர்களுக்குக் கட்டாயம் உண்டு. அதனால் பாடங்களின் பெயரை எழுதும்போது இங்கிலீஷ் பெரிய எழுத்தில் தொடங்கும், மேத்ஸ் சின்ன எழுத்தில்தான்.

பலர் தடுமாறுவது உறவுப் பெயர்களிலும் பதவிகளிலும்தான். 'மை மதர்' என்றால் சின்ன 'எம்'. அதே சொல்லைப் பெயர் போல வைத்து, 'தேங்க் யூ, மதர்' என்று கூப்பிட்டால் பெரிய 'எம்'. டாக்டர் என்பது ஒருவர் பெயருக்கு முன்னால் ஒட்டி வந்தால் பெரிய 'டி'. 'ஷி இஸ் எ டாக்டர்' என்று தொழிலைச் சொன்னால் சின்னது. அந்த இடத்தில் அந்தச் சொல் ஒருவரின் பெயராக நிற்கிறதா என்று பாருங்கள், பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். திசைகளும் இப்படித்தான்: வடக்கே போனால் சின்ன எழுத்து, நார்த் கொரியா என்றால் பெரியது.

அப்புறம், சில வழக்கங்கள் மாறவும் செய்யும். இன்டர்நெட் என்ற சொல்லைப் பெரிய 'ஐ' போட்டு எழுதிவந்த அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், 2016-இல் சின்ன எழுத்துக்கு மாறியது.

முக்கியம் என்று காட்டுவதற்காக மட்டும் ஒரு சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்காதீர்கள். விண்ணப்பக் கடிதங்களில் இதை நிறையப் பார்க்கிறேன், படிக்கவே இடறுகிறது.