ஓடிப் போனவன் நன்றி கெட்டவனா?

கேள்வி: 1978ல அரசு ஃபேக்டரியில அப்ரன்டிஸா சேர்ந்து டர்னரா, அதாவது லேத் மெஷின்ல இரும்பைக் கடையறவனா, ரிட்டையர் ஆனேன். இப்ப பெங்களூரு பீன்யாவில சின்னதா லேத் ஒர்க்‌ஷாப். ஸ்ரீராம்புரம் பசங்க நாலு பேருக்கு இலவசமா தொழில் கத்துக்கொடுக்கிறேன், அதனால சம்பளம் கிடையாது. ஆர்டர் வேலையை அவங்க ஓட்டுவாங்க, டூல் செட்டிங், அதாவது சீவுற உளியை சரியான உயரத்துல பொருத்தறது, மட்டும் நான். ஒருத்தன் ஆறே மாசத்துல வேற கம்பெனிக்கு ஓடிட்டான். இந்தக் காலத்துப் பசங்களுக்கு நல்லது செய்யறதே வேஸ்ட் தானே?

பதில்: வேஸ்ட் இல்லைங்க ஐயா. ஆனா கோவிச்சுக்காதீங்க, தப்பு அந்தப் பையன் மேல இல்ல.

அப்ரன்டிஸ் சட்டம் 1961லயே வந்தாச்சு, நீங்களும் ஸ்டைபண்ட் வாங்கிட்டு தான தொழில் பழகுனீங்க, அதுவும் ஜனங்க பணத்துல நடந்த ஃபேக்டரியில. அதைத் திருப்பிச் செய்யணும்னு தோணுச்சே, அது பெரிய மனசு, எத்தனையோ பேரோட கைவேலை ரிட்டையர் ஆன அன்னிக்கே வீட்டுக்குள்ள முடங்கிடுது. ஆனா பசங்க ஓட்டுற ஜாபுக்கு பில் உங்க பேர்ல வருது, அவங்க கையில மெட்ரோவுக்கும் டீக்கும் கூட காசு இல்லைன்னா அதை எப்படிங்க சேவைன்னு சொல்றது? உங்க மாதிரி சின்ன ஒர்க்‌ஷாப்பை சட்டம் கட்டாயப்படுத்தாம இருக்கலாம், மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல.

இன்னொண்ணு, இது தான் எனக்கு ரொம்ப வருத்தம். டூல் செட்டிங்கை ஏன் கையிலயே வெச்சிருக்கீங்க? டூல் முனை சுத்தற துண்டோட சென்டருக்கு நேரா இல்லைன்னா, ஃபேஸிங் போட்டதும், அதாவது துண்டோட முகப்பைச் சீவினதும், நடுவுல மொட்டு மாதிரி ஒண்ணு மிஞ்சி நிக்கும், அதைப் பார்த்து டூலை ஏத்தணுமா இறக்கணுமா, அடியில எவ்வளவு தகடு வைக்கணும்னு பையனே கண்டுபிடிக்கணும், தொழிலே அங்க தான இருக்கு, ஹாண்டிலை யார் வேணா சுத்துவாங்க. நாலு துண்டு இரும்பு வீணாகட்டும், பக்கத்துல நில்லுங்க. துண்டைப் பிடிக்கிற சக்கை முடுக்கற சக் கீயை சக்குலயே விட்டுட்டு மெஷினை ஆன் பண்ணக்கூடாதுன்னு முதல் நாளே சொல்லியிருப்பீங்க, அதே அக்கறையோட இதையும் சொல்லிக்கொடுங்க.

மீதி மூணு பேர்ல பத்தாவது பாஸ் பண்ணவன் இருந்தா ஐடிஐ டர்னர் டிரேடுக்கு அப்ளிகேஷன் போட வைங்க, ரெண்டு வருஷம் தான், சர்டிபிகேட் இல்லாம பெரிய கம்பெனி கேட்டைத் தாண்ட முடியாது.

போனவனுக்கு இன்னிக்கே ஒரு போன் போடுங்க. ஏன் போனேன்னு கேக்காதீங்க, அங்க டூல் செட்டிங் யார் பண்றாங்கன்னு கேளுங்க, தெரியலைன்னு சொன்னா ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க.