பரணில் கிடைத்த பிஸ்கட் டின்: பழைய சிறுவர் சீட்டுகளை என்ன செய்வது?

கேள்வி: அம்மா வீட்டுப் பரணை ஒதுக்கும்போது ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே மூன்று சீட்டுக்கட்டுகள். ஒன்று, உயிரெழுத்தும் படமுமாக ஜோடி சேர்க்கும் தமிழ்க் கட்டு. 23 அட்டைகள் இருக்கின்றன. இன்னொன்று தம்பி விளையாடிய, மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டபிள்யூடபிள்யூஎஃப் ட்ரம்ப் கார்டு. மூன்றாவது, தாத்தா மலேயாவிலிருந்து கொண்டுவந்த ‘ஹாப்பி ஃபேமிலீஸ்’. இவற்றுக்கு மதிப்பு உண்டா? லேமினேட் செய்து வைக்கலாமா? இதிலிருந்தே சேகரிக்கத் தொடங்க ஆசை. (வாசகி, திருமங்கலம்)

பதில்: லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். சூட்டில் உருகிய பசை தாளுக்குள் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்கவே முடியாது. தொடக்க காலத்தில் நான் ஒரு மிருகக் கட்டை அப்படிச் செய்து வைத்தேன். இன்றைக்கும் அதைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. கட்டைச் சுற்றி ரப்பர் பேண்ட் இருந்தால் அதையும் இன்றே கழற்றுங்கள். நம் ஊர் மே மாத வெயிலில் அது இளகி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். பழுப்புக் கோடு அப்படியே நின்றுவிடும். காய்ந்து ஒட்டியிருந்தால் இழுக்காமல், உதிர்வதை மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் தள்ளுங்கள்.

மதிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். மூன்றில் எது உசத்தி என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சீமைக் கட்டைக் காட்டுவார்கள். நான் தமிழ்க் கட்டைத்தான் முதலில் எடுப்பேன். ‘ஹாப்பி ஃபேமிலீஸ்’ 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக் காலத்திலேயே வந்த விளையாட்டு. அப்பா, அம்மா, மகன், மகள் என்று குடும்பத்துக்கு நான்கு அட்டை. அதைத் திரும்பத் திரும்ப அச்சடித்துக்கொண்டே இருக்கிறார்கள். இங்கிலாந்தில் பெட்டி பெட்டியாகப் பத்திரப்படுத்திய வீடுகளும் உண்டு. நம் பெட்டிக்கடையில் வாங்கிய எழுத்துக் கட்டை யார் பத்திரப்படுத்தினார்கள்? பிள்ளைகள் கிழிக்கிற வரை விளையாடினார்கள், மிச்சம் எடைக்குப் போனது. அதனால்தான் உங்கள் 23 அட்டைகள் எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

அதன் வயதை நீங்களே ஓரளவு கணிக்கலாம். ‘இ’ அட்டையின் ஜோடியை எடுங்கள். அநேகமாக இலைப் படம் இருக்கும், கீழே ‘இலை’ என்று அச்சிட்டிருக்கும். அந்த ‘லை’யைப் பாருங்கள். இப்போது நாம் எழுதுவது போல ஐகாரக் கொம்பு தனியாக முன்னால் நிற்கிறதா, அல்லது ‘ல’வோடு ஒட்டி யானைத் துதிக்கை மாதிரி வளைந்திருக்கிறதா? 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. லை, ளை, ணை, னை, ணா, றா, னா எல்லாம் அப்போதுதான் இன்றைய வடிவத்துக்கு வந்தன. புது வடிவம் என்றால் கட்டு பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. துதிக்கை இருந்தால் மட்டும் அவசரப்பட்டு ‘1978-க்கு முந்தியது’ என்று எழுதிவிடாதீர்கள். அச்சகத்தில் பழைய பிளாக் இருந்தால், அரசாணை வந்துவிட்டது என்று யாரும் தூக்கிப் போட்டுவிட மாட்டார்கள். அதே பிளாக்கை வைத்துப் பல வருடம் ஓட்டுவார்கள்.

மேல் அட்டைப்பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருக்கிறதா? அது நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15. விலை ‘நயா பைசா’வில் இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. சிவகாசி முகவரியோடு ‘ராமநாதபுரம் மாவட்டம்’ என்று போட்டிருந்தால் 1985-க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வருடம்தான் இன்றைய விருதுநகர் மாவட்டம் பிரிந்தது. பெட்டியின் ஒரு பக்கம் பிய்ந்து கிடந்தாலும் தூர எறியாதீர்கள்.

உயிரெழுத்து 12, ஜோடிக்கு 24. ஆய்தம் இல்லாத கட்டு என்றால் ஒன்றுதான் குறைகிறது. அதற்குக் கலர் ஜெராக்ஸ் எடுத்து ஒரு அட்டை செய்து வைக்கலாம், தப்பில்லை. ஆனால் பின்புறம் பென்சிலால் ‘நகல்’ என்று எழுதி வருடமும் போடுங்கள். நாளைக்கு உங்கள் கையை விட்டுப் போனாலும் வாங்குபவருக்கு உண்மை தெரிய வேண்டும். நீங்கள் வாங்கும்போதும் இதைச் சோதியுங்கள்: வாட்ச் ரிப்பேர் செய்பவர் கண்ணில் மாட்டும் லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அச்சகத்து ஆஃப்செட் இயந்திரத்தில் அச்சடித்த படம் சீரான வரிசையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். வீட்டுப் பிரிண்டரில் எடுத்ததில் மை தூவினாற்போல ஒழுங்கில்லாமல் கிடக்கும்.

ட்ரம்ப் கார்டு விஷயம் எளிது. டபிள்யூடபிள்யூஎஃப் என்ற அந்த மல்யுத்த நிறுவனம் 2002-இல்தான் டபிள்யூடபிள்யூஇ என்று பெயர் மாறியது. உங்கள் தம்பியின் கட்டு அதற்கு முந்தியதாகத்தான் இருக்கும். அட்டையில் போட்டிருக்கும் ரேங்க் வாரியாக அடுக்குங்கள், எந்த எண் இல்லையோ அது தொலைந்தது. முக்கால்வாசி யாரும் விட்டுக்கொடுக்காத முதல் ரேங்க் அட்டைதான் காணாமல் போயிருக்கும், அல்லது தேய்ந்து நைந்திருக்கும். 90-களின் பிள்ளைகள் இப்போது தேடி வாங்குகிறார்கள் என்பதால் இதை விற்பது சுலபம். விலைக்கு இணையத்தில் கேட்கிற தொகையைப் பார்க்காமல், விற்றுப்போன தொகையைப் பாருங்கள்.

பாதுகாப்புக்கு வருவோம். முதல் எதிரி ராமபாணப் பூச்சி. அட்டையின் அடுக்குகளை ஒட்டிய கஞ்சிப் பசைதான் அதற்குத் தீனி. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது பெருகும். பரணும் வேண்டாம், சுவரோடு ஒட்டிய அலமாரியும் வேண்டாம். பீரோவின் நடுத்தட்டு போதும். கட்டை அமிலமில்லாத தாளில் சுற்றுங்கள். உறை போடுவதென்றால் பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள், பிவிசி உறை நாளடைவில் பிசுபிசுக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடலாம். அந்துருண்டையை மட்டும் அட்டையோடு சேர்க்காதீர்கள். வசம்பை இடித்துத் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வையுங்கள். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது.

சேகரிக்க எங்கே போவது? கடைகளைவிடப் பழைய பேப்பர் கடைக்காரர் ஒருவரைப் பழக்கம் பிடியுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வாரங்களில்தான் பரண்கள் காலியாகும். மார்கழிக் கடைசியில் அவர் கடையில் ஒரு நடை பார்த்துவிடுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் பாத்திரத்துக்கு அடியில் கட்டுகள் கிடக்கும். விலை சொல்வார்கள், பேசலாம். சிவகாசியில் தெரிந்தவர் இருந்தால் பழைய அச்சகங்களில் வெட்டாத முழுத்தாள் கிடக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். முழுக் கட்டும் ஒரே தாளில், கத்தி படாமல்! எனக்கு ஒரே ஒருமுறை கிடைத்தது, அன்றிரவு தூங்கவில்லை.

அப்புறம் ஒன்று. அட்டைகளின் பின்னால் பேனாவால் பெயரோ மார்க்கோ எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். தம்பியை உட்கார வைத்து, அவர்கள் தெருவில் ட்ரம்ப் கார்டுக்கு என்ன சட்டம், சமமாக வந்தால் என்ன செய்வார்கள், தோற்றவன் என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டு எழுதி, அந்தத் தாளையும் டின்னுக்குள்ளேயே போட்டு வையுங்கள்.