தொண்டி ஏன் 'ெதாண்டி' ஆகிறது?

கேள்வி: எங்கள் மீனவர் சங்கத்தில் தடைக்கால நிவாரண அறிவிப்பையும் படகுப் பட்டியலையும் வேர்டில், பாமினி எழுத்துருவில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். பார்வையற்ற உறுப்பினர் ஒருவர், தம் கணினியில் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்) அதை வாசித்தால் ஏதோ உளறுகிறது என்கிறார். பிடிஎஃப் திருத்தும் மென்பொருளான அடோபி அக்ரோபாட் புரோ வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், மண்டபம்

பதில்: வாங்க வேண்டாம். கோளாறு எழுத்துருவில் இருக்கிறது. பாமினியில் 'மீன்' என்று கண்ணுக்குத் தெரிந்தாலும், கோப்புக்குள் கிடப்பது கே, பி, டி என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். திரைவாசிப்பான் அதைத்தானே வாசிக்கும்? முதலில் யூனிகோடுக்கு மாறுங்கள்; அதில் தமிழ் எழுத்து தமிழ் எழுத்தாகவே கோப்பில் பதியும். பழைய கோப்புகளை மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற மென்பொருள் உதவும். தமிழ்ப் பகுதியை மட்டும் மாற்றுங்கள். மொத்தமாகப் போட்டால், படகுப் பதிவு எண்ணில் உள்ள ஐ.என்.டி., டி.என். போன்ற ஆங்கில எழுத்துகளும் தமிழாகிக் குழம்பிவிடும்.

அதற்குப் பிறகு வேர்டே போதும். தலைப்பைத் தடிமனாக்கினால் மட்டும் போதாது, 'ஹெடிங் 1' ஸ்டைல் கொடுங்கள். படகுப் பட்டியலில் கட்டங்களை இணைக்காதீர்கள். முதல் வரிசைக்கு 'ரிபீட் ஹெடர் ரோஸ்' போடுங்கள். இல்லாவிட்டால் தொகை காதில் விழும், யாருடைய தொகை, எதற்கான தொகை என்பது விழாது. மொழியைத் தமிழ் என்று குறியுங்கள். 'சேவ் அஸ்' வழியே பிடிஎஃப் தேர்ந்து, 'ஆப்ஷன்ஸ்' உள்ளே 'டாக்குமென்ட் ஸ்ட்ரக்சர் டேக்ஸ் ஃபார் அக்சஸிபிலிட்டி' டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். 'பிரிண்ட்' வழியே பிடிஎஃப் எடுத்தால் இந்த உழைப்பெல்லாம் வீண். எது தலைப்பு, எது அட்டவணை என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் குறிகள் (டேக்ஸ்) உதிர்ந்துவிடும். வேர்டு இல்லாதவர்கள் இலவச லிப்ரே ஆபீஸில் 'எக்ஸ்போர்ட் அஸ் பிடிஎஃப்' திறந்து பிடிஎஃப்/யுஏ (எல்லாரும் அணுகக்கூடிய பிடிஎஃப்புக்கான தரம்) கட்டத்தை டிக் செய்யலாம்.

சோதிக்க பிஏசி என்ற இலவச மென்பொருள் உண்டு, விண்டோஸுக்கு மட்டும். அதே பிடிஎஃப்/யுஏ தரப்படி (ஐஎஸ்ஓ 14289) குறிகளைப் பார்க்கும். ஆனால் அது பச்சை காட்டியதும் அனுப்பிவிடாதீர்கள். தமிழ் எழுத்து வரிசை கெட்டிருந்தாலும் அதற்குத் தெரியாது. பிடிஎஃப்பில் 'தொண்டி' என்ற சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். கொம்பு தனியே முன்னால் நின்று 'ெதாண்டி' என்று வந்தால், கோப்பு எழுத்துகளைப் பார்வை வரிசையில் சேமித்திருக்கிறது. வாசிப்பும் அப்படியே திக்கும். வேறு யூனிகோடு எழுத்துருவில் மாற்றிப் பாருங்கள், அல்லது லிப்ரே ஆபீஸில் ஏற்றுமதி செய்யுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் வேர்டு கோப்பையே சேர்த்து அனுப்புங்கள்.

கையெழுத்தும் முத்திரையும் வைத்து ஸ்கேன் செய்த பிரதி வெறும் படம். அதை மட்டும் அனுப்பவே கூடாது, அடித்த கோப்பும் கூடவே போகட்டும். மூலக்கோப்பு தொலைந்து, பிடிஎஃப் மட்டும் கையில் இருந்து, குறிகளைக் கையால் திருத்தியாக வேண்டும் என்றால் அக்ரோபாட் புரோ வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.